ஏழு ஆண்டுகள் என்சைனாகவே இருந்த ஹாரி கிம்மைப் பற்றி

கூலிமில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் அன்பர் ஒருவர், விடுமுறை நாள்களில் தம் மகளோடு ஸ்டார் ட்ரெக் என்னும் அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடர்களை வரிசையாகப் பார்த்து வருவதாகக் கூறி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். ஒரு விண்நிலையத்தில் நடக்கும் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் பாத்திரங்கள் வளர்கிறார்கள், வீடு திரும்ப முயலும் ஒரு விண்கப்பலில் நடக்கும் ‘வாயேஜர்’ தொடரில் ஏழு ஆண்டுகளும் யாருமே மாறவில்லை என்று ரசிகர்கள் ஓயாமல் சொல்கிறார்களே, அது உண்மையா, அல்லது தமக்குப் பிடித்ததைத் தூக்கிப் பேசுவதா என்பது அவருடைய கேள்வி. ‘வாயேஜர்’ கப்பலின் இளம் அதிகாரி ஹாரி கிம்மைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்று மகள் சொன்னதாகவும், ஏன் அப்படித் தோன்றுகிறது என்று தம்மால் விளக்க முடியவில்லை என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார். அந்தக் கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டு தொடர்களில் எது உயர்ந்தது என்று அவர் தீர்ப்புக் கேட்கவில்லை. ஒரு பாத்திரம் வளர்ந்தது அல்லது வளரவில்லை என்று நமக்குள் எழும் உணர்வுக்கு அடியில் என்ன இருக்கிறது என்றே கேட்கிறார்.

நான் சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளி ஒன்றில் 27 ஆண்டுகள் தமிழ் இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்றிருக்கிறேன். இடையில் 14 ஆண்டுகள் வானொலிக்கு வாரத் தொடர் நாடகங்களும் எழுதினேன். ஸ்டார் ட்ரெக்கை முதலில் ஊரில் இருந்த வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்த ஒளிநாடாக்களில் பார்த்தேன். பின்னர் ஒன்று விடாமல் இருமுறை பார்த்தேன். அமெரிக்கத் தொலைக்காட்சியின் எழுத்தறையில் அமர்ந்த அனுபவம் எனக்கு இல்லை. 2017க்குப் பிறகு வந்த தொடர்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகவே பார்த்திருப்பதால் அவற்றை இங்கே எடைபோடவும் இல்லை. ஆனால் வாரந்தோறும் ஒரே மாந்தரை வைத்துக் கதை எழுதுவதில் உள்ள சிக்கல் எனக்குக் கை பட்ட விஷயம் என்பதால், அதை ஒட்டியே பதில் சொல்கிறேன்.

பாத்திர வளர்ச்சி என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள் புகுந்து நிற்கின்றன. ஒருவருடைய மனமும் நடத்தையும் மெய்யாகவே மாறுவது முதலாவது. முன்பே உள்ளிருந்தது, தக்க சூழல் வாய்க்கும்போது வெளிப்படுவது இரண்டாவது. சிலப்பதிகாரம் கற்பிக்கும்போது ஆண்டுதோறும் மாணவர் யாரேனும் ஒருவர், புகார்க் காண்டத்தில் அடங்கியிருந்த கண்ணகி மதுரையில் மன்னனை எதிர்த்து நிற்பது திடீர் மாற்றம் அல்லவா என்று கேட்பார். கனாத்திறம் உரைத்த காதையைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். கணவனை மீண்டும் பெறுவதற்குக் குளங்களில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழலாம் என்று தேவந்தி அழைக்கும்போது, ‘பீடன்று’ என்ற ஒரு சொல்லில் கண்ணகி அதைத் தள்ளிவிடுகிறாள். மதுரையை எரித்த தீயின் பொறி அந்தச் சொல்லிலேயே கனன்றுகொண்டிருக்கிறது. இது வெளிப்பாடு, இதையும் நாம் வளர்ச்சி என்றே பேசிப் பழகிவிட்டோம். மூன்றாவது பொருள்தான் இந்த வழக்கின் உயிர்நிலை என்பது என் கருத்து: நடந்தவற்றைக் கதை நினைவில் வைத்திருப்பது. ஒரு பாத்திரம் எள்ளளவும் மாறாமல் இருக்கலாம். ஆனால் அதற்கு நேர்ந்ததைக் கதையே மறந்துவிட்டால், பார்ப்பவர் மனத்தில் ஒரு வாழ்க்கை உருவாவதில்லை.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஹாரி கிம்மிடம் வருவோம். ஐயத்துக்கு இடமில்லாதவை முதலில். 1995 ஜனவரியில் தொடங்கி 2001 மே மாதத்தில் முடிந்த ‘வாயேஜர்’ தொடரில், அதிகாரிகளின் படிநிலையில் கடைசியான என்சைன் பதவியில் ஏறியவர் அவர்; ஏழு பருவங்களும் அதே பதவியிலேயே இருந்தார். அதே கப்பலில் டூவாக் என்ற அதிகாரி பதவி உயர்வு பெற்றார். டாம் பாரிஸ் என்ற இன்னோர் அதிகாரி தண்டனையாகப் பதவி இறக்கப்பட்டு, பிறகு பழைய பதவியைத் திரும்பப் பெற்றார். ஆகவே வீட்டிலிருந்து பல்லாயிரம் ஒளியாண்டு தொலைவில் சிக்கிய கப்பலில் பதவி உயர்வே வழங்க முடியாது என்ற வாதம் நிற்காது. ரசிகர்களின் இந்த மனத்தாங்கல் எத்தனை ஆழமாக வேரூன்றியது என்றால், 2024இல் ‘லோயர் டெக்ஸ்’ என்ற கேலிச்சித்திரத் தொடரில் வெவ்வேறு அண்டங்களைச் சேர்ந்த பல ஹாரி கிம்கள் ஒரே கப்பலில் திரட்டப்பட்டு, அவர்களுள் ஒருவர் மட்டும் என்சைனுக்கு மேற்பட்ட லெப்டினன்ட்டாக இருப்பதே கதையின் முடிச்சாயிற்று.

ஆனால் பதவியைப் பற்றிய இந்தக் குறை, அதைவிடப் பெரிய குறை ஒன்றை மறைத்துவிட்டதாக நினைக்கிறேன். 1996இல் ஒளிபரப்பான ‘டெட்லாக்’ என்ற அத்தியாயத்தில் வாயேஜர் கப்பல் இரண்டாகப் பிரதியாகிறது. நாம் அதுவரை கண்டுவந்த ஹாரி கிம் விண்வெளியில் வீசியெறியப்பட்டு இறந்துபோகிறார். மற்றக் கப்பல் அழியும் முன், அங்கிருந்த இன்னொரு கிம் இங்கே அனுப்பிவைக்கப்படுகிறார். அதாவது, அந்த நாள் தொடங்கிக் கடைசி அத்தியாயம் வரை நாம் பார்ப்பவர், தம் கப்பலும் தம் தோழர்களும் ஒருசேர அழிந்ததைக் கண்டு, இறந்துபோன ஒருவரின் இடத்தில் வந்து அமர்ந்தவர். அத்தியாயத்தின் முடிவில் தம் கேப்டனிடம் அவர் இதைப் பற்றிச் சில சொற்கள் பேசுகிறார். விந்தையும் நம் பணியின் ஒரு பகுதிதான் என்ற பொருளில் பதில் கிடைக்கிறது. அதோடு சரி. அந்த மனிதருக்கு இரவில் உறக்கம் வந்ததா என்று கேட்கும் கதை ஒன்றுகூட அதன்பின் எழுதப்படவில்லை. உங்கள் மகள் பாவம் என்று சொன்னது, தொடர் தன் பிள்ளைகளில் ஒருவரைக் கவனிக்காமல் விட்டுவிட்டது என்பதை உணர்ந்து சொன்னதாக இருக்கலாம்.

கிம்மை வளர்த்து எழுதும் திறமை அவர்களுக்கு இல்லை என்றும் சொல்ல முடியாது. 1998 நவம்பரில் வந்த ‘டைம்லெஸ்’ என்ற நூறாவது அத்தியாயத்தில், தம் கணக்குப் பிழையால் கப்பலில் இருந்த அனைவரும் மாண்டதற்காகப் பதினைந்து ஆண்டுகள் குற்ற உணர்வில் கசந்துபோன கிம்மைக் காண்கிறோம். கிம்மாக நடித்த காரெட் வாங் அந்தத் தொடர் முழுவதிலும் மிகச் சிறப்பாக நடித்தது அந்த ஒரு மணி நேரத்தில் என்பேன். கதையின் முடிவில் அந்த முதிய கிம் காலத்தைத் திருத்திவிடுகிறார். திருத்திய கணத்தில் அவரே இல்லாமல் போகிறார். இளைய கிம்முக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வருகிறது. அடுத்த வாரம் வழக்கம்போல் விடிகிறது. அதற்கு ஓராண்டு முன்பு வந்த ‘இயர் ஆஃப் ஹெல்’ என்ற இரு பகுதிக் கதையிலும் இதே முறைதான். கப்பல் சின்னாபின்னமாகிறது, டூவாக் பார்வை இழக்கிறார், எல்லோரும் உருக்குலைகிறார்கள்; முடிவில் காலம் திரும்பி, நடந்தது எதுவும் யாருக்கும் நினைவில்லாமல் போகிறது.

அதே 1998 நவம்பரில் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் நோக் என்ற, ஃபெரெங்கி என்னும் வேற்றுக்கிரக இனத்து இளைஞன் போர்முனையில் ஒரு காலை இழந்தான். முதல் அத்தியாயத்தில் திருட்டுப் பையனாகப் பிடிபட்டவன் அவன். தந்தை ரோம் நல்ல கைவினைத் திறன் இருந்தும், வணிகமே வாழ்வு என்னும் தம் சமூகத்தில் தோற்றவராகக் குனிந்து வாழ்வதைக் கண்டு, தானும் அப்படி ஆகிவிடக்கூடாது என்று ஸ்டார்ஃப்ளீட் என்னும் விண்படையில் சேர விண்ணப்பித்தவன். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன எனக்கு அந்த விண்ணப்பக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் கண் கலங்கும். அப்பா மாதிரி ஆகிவிடக்கூடாது, ஆனால் அப்பா மேல் உயிர் என்று என்னிடம் வந்து நின்ற பிள்ளைகளின் முகங்கள் நினைவுக்கு வரும். கால் போன இரண்டே அத்தியாயங்களில், அந்த ஆண்டு டிசம்பரில், அவனுக்காகவே ஒரு முழு மணி நேரத்தை ஒதுக்கினார்கள். செயற்கைக் கால் பொருத்தியாயிற்று, மருத்துவக் கணக்கில் குறையில்லை; ஆனாலும் அவன் கைத்தடியை ஊன்றி நொண்டுகிறான். ஹோலோசூட் என்னும் கற்பனைக் கூடத்தில் பாடகர் ஒருவரின் நிழலுருவோடு தங்கிவிட்டு, வெளியே வர மறுக்கிறான். தனக்கு எதுவும் நேராது என்று நம்பிப் போருக்குப் போனவன், இனி தனக்கு எதுவும் நேரலாம் என்று கண்டுகொண்டதே அவனுடைய நோய். வீர உரை எதுவும் அவனைக் குணப்படுத்துவதில்லை. அந்தப் பாடகர் அவனை இருக்கவிட்டு, தம் விடுதியின் கணக்கைப் பார்க்கவிட்டு, பிறகு தம் நிழலுருவையே நிறுத்திக்கொண்டு அவனை வெளியே அனுப்புகிறார். ஒரே மாதத்தில், ஒரே நிறுவனத்தின் இரு தொடர்களில், ஓர் இளைஞனின் காயம் நினைவில் வைக்கப்பட்டது, இன்னோர் இளைஞனின் காயம் அழிக்கப்பட்டது. ரசிகர்களின் புகாருக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஏன் இப்படி நேர்ந்தது என்பதில் ஒரு பகுதி உறுதியானது, ஒரு பகுதி ஊகம். 1987இல் தொடங்கிய ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற முந்தைய ஸ்டார் ட்ரெக் தொடர் ஒரே அலைவரிசையில் வராமல் ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்குத் தனித்தனியே விற்கப்பட்டது. மறு ஒளிபரப்பின்போது எந்த அத்தியாயம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொன்றும் தன்னளவில் முடிந்து நிற்க வேண்டியிருந்தது. மாலுமிகள் தமக்குள் பூசலிடக்கூடாது என்ற படைப்பாளர் ஜீன் ராடன்பெரியின் விதியும் இருந்தது. 1989இல் மூன்றாம் பருவத்தில் மைக்கேல் பில்லர் எழுத்துப் பொறுப்பை ஏற்றபின், கதையைப் பாத்திரத்திலிருந்து தொடங்கும் பழக்கம் வந்தது. ‘போர்க்’ (Borg) என்னும் பாதி இயந்திரமான இனத்தாரால் சிறைபிடிக்கப்பட்டு மீண்ட அந்தத் தொடரின் கேப்டன் பிக்கார்ட், பிரான்சில் தம் அண்ணனின் திராட்சைத் தோட்டத்துச் சேற்றில் புரண்டு அழும் ‘ஃபேமிலி’ அத்தியாயம் 1990 அக்டோபரில் வந்தது. நேர்ந்ததை நினைவில் வைப்பது என்ற வழி அங்கே திறந்ததாகக் கருதுகிறேன். ‘வாயேஜர்’ புதிதாகப் பிறந்த யூபிஎன் அலைவரிசையின் முகப்புத் தொடர். எந்த வாரம் புதியவர் வந்தாலும் கதை புரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதன்மேல் இருந்தது. இவை உறுதி. நிறுவனத்தின் கண் ‘வாயேஜர்’ மேல் இருந்ததால்தான் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ எழுத்தாளர்களுக்கு விருப்பம்போல் எழுதும் இடம் கிடைத்தது என்பதை நான் பாதி நம்புகிறேன். மறுபாதி, அவர்கள் மனம் வைத்தார்கள் என்பது. அங்கிருந்து 1999இல் ‘வாயேஜர்’ எழுத்தறைக்குச் சென்ற எழுத்தாளர் ரானல்ட் மூர் சிறிது காலத்திலேயே விலகி, எத்தனை அடி பட்டாலும் கப்பலில் ஒரு தழும்பும் தங்குவதில்லை என்ற பொருளில் வெளிப்படையாகவே குறைகூறினார்.

வார முடிவில் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துவிட்டு எழுந்து செல்லும் கட்டாயத்தை நான் அறிவேன். என் நேயர்களில் பலர் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள், ஷிப்ட் மாறி மாறி வேலை செய்கிறவர்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் கேட்பார்கள். அவர்களை நினைத்து நானும் பல ஆண்டுகள் எதையும் மாற்றாமல் எழுதினேன். ஒருமுறை, நாடகத்தில் பால்வெட்டுக் கத்தியால் விரல் போன ஒரு பெண், ஆறு வாரம் கழித்து இரு கைகளாலும் பூத்தொடுப்பதாக எழுதிவிட்டேன். செம்மோரில் இருந்து ஒரு பாட்டி, பேத்தியின் கையால் எழுதவைத்து ஒரு கடிதம் அனுப்பினார்: அந்தப் பெண்ணின் விரல் என்னவாயிற்று, அவள் வலியை நீங்கள் மறந்துவிட்டீர்களே என்று. கேட்டுக்கொண்டிருந்த அவருக்கு நினைவிருந்தது. எழுதிய எனக்கு இல்லை. அன்றுமுதல் மாந்தர் ஏடு என்று ஒன்று வைத்துக்கொண்டேன். யாருக்கு என்ன காயம், யார் யாருக்குக் கடன், யார் எந்தச் சொல்லைச் சொல்லித் திரும்பப் பெறவில்லை என்பதை வாரந்தோறும் அதில் எழுதுவேன். புதிதாகக் கேட்பவரை அது ஒருநாளும் விரட்டியதில்லை. ஆகவே ஒளிபரப்பு முறையே முழுக் காரணம் என்ற சமாதானத்தை நான் முழுதாக ஏற்பதில்லை.

களத்துக்கும் இதில் பங்கு உண்டு. கப்பல் நகர்ந்துவிடும், விண்நிலையம் நின்ற இடத்தில் நிற்கும். தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் சண்டையிட்டவளை மாலையில் அதே தண்ணீர்க் குழாயடியில் பார்த்தாக வேண்டும். அந்த விண்நிலையத்தின் அதிகாரியான கிரா நெரிஸ், தம் ஊரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு அடக்கி ஆண்ட கார்டேசியர் என்னும் இனத்தாரை அந்த நிலையத்தில் அன்றாடம் எதிர்கொள்கிறாள். 1993 ஜூனில் முதல் பருவத்தின் கடைசிக்கு முந்தியதாக வந்த ‘டூயட்’ அத்தியாயத்தை, சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் திரையிட்டுத் தமிழில் விளக்கினேன். கொடுமை மிக்க உழைப்பு முகாமின் தலைவன் தானே என்று மார்தட்டும் கார்டேசியன் ஒருவன், உண்மையில் அங்கே கோப்புகளைப் பராமரித்த ஒரு கிராணி, அதாவது எழுத்தர். அலறல்களைக் கேட்டும் எதுவும் செய்யத் துணியாத குற்ற உணர்வில், தலைவனின் பெயரைத் தன்மேல் போட்டுக்கொண்டு தண்டனை தேடி வந்தவன். வட்டத்தில் பலருடைய தாத்தாக்கள் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள். பெயர்ப்பட்டியல் எழுதிய கிராணியைப் பற்றிய பேச்சு எங்கள் குடும்பங்களில் இன்னும் அடங்கவில்லை. அந்தக் கார்டேசியனை வெறுத்துத் தொடங்கிய கிரா, அவன் கொலையுண்டு சாயும்போது தாங்கிப் பிடிப்பதைப் பார்த்து, ஒரே மணி நேரத்தில் எப்படி மாறிவிட்டாள் என்று இளையவர்கள் வியந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய பெரியம்மா ஒருவர் ஒப்பவில்லை. அவள் மாறவில்லை, அவனை இப்போதுதான் பார்த்தாள் என்றார். நான் வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லிவந்ததைவிட அது தெளிவாக இருந்தது. மாற்றம் பிறகு வருகிறது, மெதுவாக: 1999இல் தொடரின் இறுதிப் பகுதியில், தான் அன்பு வைத்திருந்த ஸியால் என்ற பெண்ணைக் கொன்ற டமார் என்ற கார்டேசியனுக்கே, அந்நிய ஆட்சியை எதிர்த்து மறைந்து போரிடும் முறையை கிரா கற்றுத்தருகிறாள். ஆறு ஆண்டுகளாகத் தொடர் எதையும் மறக்காததால்தான் அந்தக் காட்சி கனக்கிறது.

இதனால் ரசிகர்கள் சொல்வது முழுவதும் சரி என்று ஆகிவிடாது. ‘வாயேஜர்’ தொடரில் யாருமே மாறவில்லை என்பது தவறு. 1997இல் கப்பலுக்கு வந்த செவன் ஆஃப் நைன், ஆறு வயதில் போர்க் இனத்தாரிடம் பறிகொடுத்த தன் தனித்தன்மையை நான்கு பருவங்களில் அங்குலம் அங்குலமாகத் தேடிப் பெறுகிறாள். மருத்துவராக வரும் ஹோலோ உருவத்தை, அதாவது கணினி ஒளியால் உருவாக்கிய மனிதரைப் பற்றிய ‘லேட்டன்ட் இமேஜ்’ அத்தியாயம் (1999) நினைவைப் பற்றி இந்தத் தொடர்வரிசையில் எழுதப்பட்ட ஆகச் சிறந்த கதைகளுள் ஒன்று. ஒரே அளவு காயமுற்ற இருவரில் ஒருவரை மட்டுமே காப்பாற்ற முடியும் என்ற நிலையில், நண்பர் என்பதால் ஒருவரைத் தேர்ந்தோமோ என்ற கேள்வியில் அவர் சிதைந்துபோகிறார். கேப்டன் ஜேன்வே அந்த நினைவையே அழித்துவிட்டிருக்கிறார். மருத்துவர் அதைக் கண்டுபிடித்தபின், மீண்டும் அழிப்பதா, துன்பத்தோடு வாழவிடுவதா என்பதே கதை. மறுபக்கம், ‘டீப் ஸ்பேஸ் நைன்’ எல்லாரையும் ஒழுங்காக நடத்தியது என்பதும் மிகை. டுகாட் என்ற கார்டேசியனை ஐந்து பருவங்கள் நெளிவு சுளிவோடு எழுதிவிட்டு, இறுதியில் தீய ஆவிகளின் கருவியாக்கியதை நான் இழப்பாகவே கருதுகிறேன். பார்வையாளர் அவன்மேல் இரக்கம் கொள்வதைக் கண்டு எழுத்தாளர்கள் கவலைப்பட்டார்கள் என்பது தெரிந்ததே. கவலை நியாயமானது, மருந்து சரியில்லை. இதில் என்னோடு உடன்படாத நல்ல ரசிகர்கள் பலர் உண்டு.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒன்றாக, இடையில் விட்டும் பார்த்தபோது ‘வாயேஜர்’ தொடரின் மறதி எனக்குப் பெரிதாக உறுத்தவில்லை. ஒரே மூச்சில் இரண்டாம் முறை பார்த்தபோதுதான் ஒவ்வொரு வாரமும் சுவரைச் சுண்ணாம்பு அடித்து மறைப்பது போல் தோன்றியது. இன்றைய ரசிகர்களில் பெரும்பாலோர் இணையத்தில் தொடர்ச்சியாகப் பார்ப்பவர்கள். அவர்களுடைய கடுமையில் எவ்வளவு தொடரின் குறை, எவ்வளவு பார்க்கும் முறையின் விளைவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நீங்களும் வரிசையாகப் பார்ப்பதால் உங்கள் எண்ணத்திலும் அது கலந்திருக்கும்.

மகளோடு அடுத்த விடுமுறையில் ‘டெட்லாக்’, ‘லேட்டன்ட் இமேஜ்’ இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். மருத்துவர் தம்மால் கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்காக மனம் உடைகிறார். அவர் தேர்ந்து காப்பாற்றியவர் ஹாரி கிம். தம் உயிருக்காக ஒருத்தி இறந்தாள் என்பதை அறிந்த கிம்முக்கு அன்று என்ன ஆயிற்று, ஏற்கெனவே இறந்துபோன ஒருவரின் இடத்தில் வாழ்பவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று மகளிடம் கேளுங்கள். தொடர் எழுதாமல் விட்ட அந்தக் காட்சியை அவள் எழுதிப் பார்க்க விரும்பினால், எனக்கும் அனுப்பிவையுங்கள். படித்துப் பதில் எழுதுகிறேன்.